பதினேழில் விழுந்த குறிகள்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. இங்கே பல்கேரியாவில் போன தேர்தலில் வாக்குச்சீட்டை விரித்தால், வேட்பாளர்களின் எண்கள் ஒன்றுக்குப் பதில் நூற்றொன்றிலிருந்து தொடங்கின. கட்சியின் எண்ணோடு குழம்பாதபடி சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் எனக்கு வெலிச்கோவின் ஞாபகம் வந்து (பெயர் நான் வைத்தது) வாக்குச்சாவடி மறைப்புக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பல்கேரியாவின் மலையடிவாரத்தில், வெண்பனி மூடிய ஒரு சிறு நகரத்தில்..." வேண்டாம். வெலிச்கோ நின்ற தேர்தல் நடந்தது அக்டோபரில். அப்போது ஏது வெண்பனி?

இரண்டாவது: "வெலிச்கோவுக்கு நகரசபையில் உட்கார ஆசையே இல்லை." இது தேவலை.

கொதிகலன் பழுதுபார்ப்பவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கு ஆள் குறைகிறது என்று மனைவியின் அண்ணன் ஓக்னியான் கெஞ்சியதால், கடைசி இடமான பதினேழில் பெயர் கொடுத்தான். முதல் இடம் ஓக்னியானுக்கு. ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடவிடக் கூடாது என்று வருஷக்கணக்காக அலைந்தவன் அவன்.

குலுக்கலில் அவர்கள் கட்சிக்கு விழுந்த எண்ணும் பதினேழு. அங்கேதான் வந்தது வினை. சீட்டின் இடப்பக்கம் கட்சிக்குக் குறி. வலப்பக்கம், விருப்பம் இருந்தால், அந்தக் கட்சியில் பிடித்த ஆளுக்கு ஒரு குறி. சனங்கள் இடப்பக்கம் பதினேழில் போட்டார்கள். வலப்பக்கமும் பதினேழு கண்ணில் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அதிலும் போட்டார்கள். கட்சிக்குக் கிடைத்ததே ஓர் இடம். ஆள் குறி அதிகம் வாங்கியவன் என்று அதில் போய் விழுந்தான் வெலிச்கோ.*

* ஆளுக்குக் குறி போடாவிட்டால் வாக்கு பட்டியலின் முதல் ஆளுக்குப் போகும். வலப்பக்கத்தைச் சும்மா விட்டிருந்தாலே ஓக்னியான் ஜெயித்திருப்பான். எழுதும்போதே வயிறு எரிகிறது.

3

பதவி வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை கெடு. கொடுத்தால் அடுத்தபடியாக ஓக்னியான் வருவான். [கதையை இங்கேயே முடித்திருக்கலாம். மனைவி ஸ்னேஜா விடவில்லை.]

"எல்லாமே தப்பா விழுந்ததுன்னு யாரு சொன்னா? நான் உங்களுக்குத்தான் போட்டேன். கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூட இல்ல."

"உன்ன மாதிரி எத்தன பேரு இருப்பாங்க?"

"அத யாரு எண்ணுனா?"

யாரும் எண்ணவில்லை. எண்ணவும் முடியாது.

4

வெள்ளிக்கிழமை நகரசபைப் படிக்கட்டில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான் ஓக்னியான்.

"வாங்க கவுன்சிலரே! ஒரு வார்த்த பேசாமலே ஜெயிச்ச மகராசன்!"

"கிண்டல் பண்ணாத மச்சான். எழுதிக் கொண்டாந்துட்டேன். உள்ள குடுத்துட்டு வந்துடறேன். எந்த முட்டாப்பயலுங்க ரெண்டு பக்கமும் பதினேழுல போட்டானுங்களோ!"

ஓக்னியான் தோலைத் துப்பினான். "நான் போட்டேன்."

"என்னது?"

"உனக்கு ஒண்ணுகூட விழலன்னா ஊரே சிரிக்குமே மாப்ள. நான்தான உன்ன இழுத்து விட்டேன்."

5

இந்த இடத்தை மூன்று முறை எழுதினேன். ஓக்னியான் ரோஷக்காரன். ஊரோடு சேர்ந்து தானும் தப்பாகக் குறி போட்டுவிட்டு, இப்போது சமாளிக்கிறானோ?

முடிவு ஒன்று: வெலிச்கோ கடிதத்தைக் கொடுக்கிறான். ஓக்னியான் சபையில் முழங்குகிறான். பிரசவ வார்டு தப்புகிறது. (அடித்துவிட்டேன். முழங்கித் தப்பிய வார்டு எதையும் நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: வெலிச்கோ கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சபையில் எழுந்து நின்று, நாக்கு ஒட்டிக்கொள்ள... (இதுவும் வேண்டாம். படிக்கட்டுக்கே திரும்புகிறேன்.)

"மச்சான், நெசமாவே எனக்குன்னுதான் போட்டியா? இல்ல, நீயும்..."

"மணி அஞ்சாகப் போகுது. போறதுன்னா போ" என்று ஓக்னியான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை. அதனால் ஓக்னியானின் வாக்குச்சீட்டைப் பிரிக்காமல் உங்களிடமே தருகிறேன். பாசமா, பிசகா என்று பார்த்து, வெலிச்கோ உள்ளே போகட்டுமா என்று நீங்களே சொல்லுங்கள். அன்று வாக்கு எண்ணியவர்கள் இரண்டு விதச் சீட்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டார்கள்.