அரசாங்கம் பொறுப்பேற்ற கதிரை

1

இத்தால் சகலருக்கும் அறியத்தருவதாவது: இலங்கைத் தீவின் பிள்ளைகளுடைய கல்வியானது, இவ்வளவு காலமும் மனேஜர்மார் என்னும் தனியாரின் கைகளில் கிடந்து வாடியபின், சென்ற மார்கழி தொடக்கம் அரசாங்கத்தின் பொற்கரங்களில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட தேசியச் செல்வங்களுள், கண்டாவளைக்குப் போகிற வழியில் வாய்க்காலோரமாக நிற்கும் ஒரு கிடுகுக் கொட்டிலும், பிள்ளைகள் இருக்கும் சில வாங்குகளும், மணியென்று தொங்கவிடப்பட்ட தண்டவாளத் துண்டொன்றும், ஒரு கதிரையும் அடங்கும்.

இந்தக் கதை அந்தக் கதிரையிலிருந்து பிறந்தது.

(பொய். ஹமீட் நானாவின் கடையில் பிறந்தது. முல்லைத்தீவிலிருந்து வந்து, வாய்க்கால் சந்தியில் புடவையையும் மண்ணெண்ணெயையும் ஒரே கூரையின் கீழ் விற்கிறவர் அவர். சேலை வாங்கினால் மணம் இனாம்.)

பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்ததைப் பற்றிக் கிண்டலாக ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும், நானா துணி மடிப்பதை நிறுத்தினார்.

"கட்டுரையை விடுங்கோ ஐயா. எங்கடை மனேஜர் வீரகத்தியர் இன்னும் வெள்ளிக்கு வெள்ளி பள்ளிக்கூடம் பாக்கப் போறார். அரசாங்கம் எடுத்து ரெண்டு மாசமாச்சு. போகவேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன், பாப்பம்."

2

முதல் தொடக்கம்: "கொடுங்கோலன் வீரகத்தி தன் மீசையை முறுக்கியபடி"

நிறுத்திவிட்டேன். அவருக்கு மீசை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஏழைப் பிள்ளைகளுக்காகத் தம்மையே உருக்கிக்கொண்ட வள்ளல் வீரகத்தி அவர்கள்"

இதுவும் சரிவராது. இந்த வள்ளல், முன்பிருந்த ஆசிரியை ஒருத்தியை ஒரே நாளில் வேலையிலிருந்து நிறுத்தியவர். அவள் செய்த குற்றம், தன் கல்யாணத்துக்கு மனேஜரை இரண்டாவதாக அழைத்தது. அழைப்புக்கு வைக்கும் முதல் வெற்றிலை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அரசாங்கம் ஏன் பள்ளிக்கூடங்களை எடுத்தது என்று கேட்பவர்களுக்கு நான் சட்டமூலத்தைக் காட்டுவதில்லை. அந்த வெற்றிலையைத்தான் காட்டுவேன்.

மூன்றாம் தொடக்கம், அலங்காரமில்லாமல்: வீரகத்தி யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து, காட்டை வெட்டி, முதலில் வீடு கட்டினார், அடுத்ததாகப் பள்ளிக்கூடம் கட்டினார், மாட்டுக்கொட்டில் மூன்றாவதாகத்தான் வந்தது. மனேஜர் என்று பதிந்துகொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெள்ளை வேட்டியுடன், வானத்தில் ஒரு முகிலும் இல்லாத நாளிலும் குடையை விரித்தபடி, வாய்க்கால் வரம்பால் நடந்து வருவார். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட கதிரையில் அமர்வார். பிள்ளைகள் கைகளை நீட்டுவார்கள். நகம் பார்ப்பார். தேவாரம் கேட்பார். கடைசியில் ஆசிரியையிடம், "ஏதும் குறை உண்டோ பிள்ளை?" என்பார். அவள் வாயைத் திறக்குமுன் "நல்லது" என்று எழுந்துவிடுவார்.

(ஒரு பக்கக் குறிப்பு: ஹமீட் நானாவின் மகள் ஜொஹறாவும் அங்கேதான் படிக்கிறாள். தேவார நேரத்தில் அவளை என்ன செய்வது என்பது மனேஜருக்கு முன் வந்த பெரும் கொள்கைப் பிரச்சினை. யோசித்து உத்தரவிட்டார்: "அந்தப் பிள்ளை வெளியிலை நிண்டு மணியைக் காவல் பாக்கட்டும். ஆரும் களவெடுத்தாலும்." மாட்டுவண்டி கட்டினாலொழிய ஒருவராலும் தூக்கமுடியாத தண்டவாளத் துண்டு அது. பெரிய பெரிய ஆணைக்குழுக்கள் இதைவிட மோசமான தீர்வுகளைத் தந்திருக்கின்றன. அந்தக் காவல்காரியை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படுவாள்.)

3

பொறுப்பேற்க வந்தவர் யோகநாதன் என்ற வித்தியாதரிசி, அதாவது பள்ளிக்கூடப் பரிசோதகர். கொட்டிலைப் பார்த்தார், வாங்குகளைப் பார்த்தார். கதிரை மனேஜரின் சொந்தப் பொருள் என்று அறிந்ததும், "அதை நீங்கள் கொண்டுபோகலாம்" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்கெண்டு வந்த சாமானை நான் திருப்பித் தூக்கிற ஆளில்லை. அதையும் எடுங்கோ."

இப்படியாக அரசாங்கம் ஒரு கதிரைக்கு உரித்தாளியாயிற்று. வீரகத்தி கையொப்பமிட்டார், குடையை விரித்தார், போனார். அடுத்த வெள்ளிக்கிழமை குடையை விரித்தபடியே வந்தார்.

இந்த இடத்தில் நான் அவரை முட்டாள் என்று எழுதியிருந்தேன். ஹமீட் நானா திருத்தினார். மனேஜர் கடையில் வைத்துச் சொன்னாராம்: "சம்பளத்தையும் கூரையையும் அரசாங்கம் எடுத்திட்டுது. நல்லதுதான். ஆனா நானா, பிள்ளையளின்ரை நகத்தை ஆர் பாக்கிறது? அதை அவங்கள் கேக்கவுமில்லை, நான் குடுக்கவுமில்லை."

சட்டத்தை நான் முழுதாகப் படித்தேன். நகத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஆசிரியை விமலேஸ்வரிக்கு யோகநாதன் வாய்மொழியாக ஒரு கட்டளை விட்டுப் போயிருந்தார்: "பழைய மனேஜர்மார் வந்து அதிகாரம் பண்ணக்கூடாது. விட்டியள் எண்டால் நீங்கள்தான் பொறுப்பு." அவளுடைய அரசாங்க நியமனம் இன்னும் உறுதியாகவில்லை. அவர் ஒரு வரி எழுதினால் மட்டக்களப்புக்கு மாற்றம். தாய் பூநகரியில் தனியே. இருக்கிற பஸ்ஸில் இப்போதே இரண்டு கிழமைக்கு ஒருதடவைதான் போய்ப் பார்க்க முடிகிறது. ஒருவர் வீட்டு வெற்றிலைக்காகப் பறிபோகாத உத்தியோகம் அவளுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகக் கிட்ட வந்திருந்தது.

ஆகவே அவள் சொல்லத்தான் வேண்டும். சொல்லவும் முயன்றாள், ஒவ்வொரு வெள்ளியும் ஒரு தடவை.

"ஐயா, இனிமேல் நீங்கள்"

"ஐயா, மேலிடத்திலை ஒரு"

"ஐயா, வெயிலுக்கை ஏன் வீணா"

"ஏதும் குறை உண்டோ பிள்ளை?"

"இல்லை ஐயா."

"நல்லது."

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிழைக்கத் தெரிந்த எவளும் இப்படி நடப்பாளா? நேரே போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு எழுத வசதியானதைச் சொல்லட்டோ, உண்மையைச் சொல்லட்டோ?" என்றாள்.

"ரெண்டையும் சொல்லுங்கோ ரீச்சர்."

"வசதியானது, எனக்கு அவரிலை பயம். உண்மை என்னெண்டால், வெள்ளிக்கிழமையிலைதான் பிள்ளையள் தலைவாரி, குளிச்சு வருகினம். அரசாங்கத்துக்காக ஒருத்தரும் குளிக்கமாட்டினம்." பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்தாள். "அதோடை, அவர் உந்த வரம்பாலை குடையோடை வாற வரத்தை ஒருக்கா நிண்டு பாருங்கோ. பாத்திட்டு, வரவேண்டாமெண்டு நீங்கள் சொல்லுங்கோ."

நின்று பார்த்தேன். சொல்லவில்லை.

4

இனி வருவதை ஜொஹறா மணியடியில் நின்று பார்த்து, வாப்பாவிடம் சொல்லி, வாப்பா என்னிடம் சொன்னது. இடையில் புகுந்த பொய்கள் என்னுடையவை.

ஒரு வெள்ளிக்கிழமை, அறிவித்தல் இல்லாமல், யோகநாதன் சைக்கிளில் வந்திறங்கினார். நேரே போய்க் கதிரையில் இருந்தார். கதிரை இடப்பக்கம் சரிந்தது; வித்தியாதரிசியும் அரசாங்கத்துடன் சேர்ந்து சரிந்து, மேசையைப் பிடித்து நிமிர்ந்தார். பிள்ளைகள் சிரிப்பை விழுங்கினார்கள். அந்தக் கதிரையின் முன்கால் ஒன்று கட்டை. மனேஜர் இருக்கும்போது காலால் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டை அதன்கீழ் தள்ளிவிடுவார். அந்த இரகசியம் பொறுப்பேற்பில் ஒப்படைக்கப்படவில்லை.

வாசலில் குடை தெரிந்தது.

விமலேஸ்வரியின் கையிலிருந்த சோக்குக் கட்டி ஒடிந்தது.

(இங்கே எனக்கு ஒரு பெரும் சண்டைக் காட்சி தயாராக இருந்தது. 'இது என் வியர்வை!' 'இது அரசாங்கச் சொத்து!' நல்ல வசனங்கள். வேறொரு கதைக்கு வைத்திருக்கிறேன்.)

வீரகத்தி கதிரையைப் பார்த்தார். அதில் இருந்தவரைப் பார்த்தார். ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். அதைத்தான் கூடுதல் நேரம் பார்த்தார் என்று ஜொஹறா சொன்னாள். குடையை மடித்துச் சுவரில் சாத்தினார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வாங்கின் கீழே உருண்டு கிடந்த சிரட்டைத் துண்டை எடுத்தார்.

"ஒருக்கா எழும்புங்கோ தம்பி. இது ஒரு பக்கம் நொண்டும்."

வித்தியாதரிசி எழுந்தார். கிழவர் முழங்காலில் நின்று, துண்டைக் காலுக்குக் கீழே செருகி, கதிரையை ஆட்டிப் பார்த்தார்.

"இப்ப இருங்கோ."

கதிரை ஆடவில்லை. வீரகத்திக்கு இருக்க இடமும் இல்லை. தான் கட்டிய பள்ளிக்கூடத்தில் அவர் நின்றது அதுதான் முதல்தடவை. அவரைக் கண்ட பழக்கத்தில் பிள்ளைகள் எல்லாரும் நகம் காட்டக் கைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

யோகநாதன் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"ரீச்சர், இவருக்கு இங்கை என்ன அலுவல்?"

"ஐயா, இவர் எங்கடை"

"கதிரை திருத்த வந்தனான்," என்றார் வீரகத்தி.

இரண்டாவதாக அழைத்ததற்கு வேலையைப் பறித்த மனிதர்.

வித்தியாதரிசி அவரையும், வெள்ளை வேட்டியையும், நீட்டிய கைகளையும் பார்த்தார். "திருத்தி முடிக்க எவ்வளவு காலம் செல்லும்?"

"சொல்லேலாது தம்பி. பழைய சாமான். எனக்கு வெள்ளிக்கிழமையிலைதான் நேரம் கிடைக்கும்."

5

பேனை திறந்தபடி இருக்கிறது. யோகநாதன் என்ன எழுதினார்?

ஒரு முடிவில் உண்மையை எழுதுகிறார். விமலேஸ்வரி மட்டக்களப்புக்குப் போகிறாள். பூநகரியில் ஒரு தாய் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறாள். இதில் எனக்குக் கைவந்த நையாண்டி எல்லாம் இருக்கிறது. ஆனால் இரவல் வாங்கிய செருப்புப்போலக் கடிக்கிறது.

இன்னொரு முடிவில், "அதிகாரிகளின் நெஞ்சிலும் ஈரம் சுரக்கும் என்பதை அன்று" என்று ஒரு வசனம் தொடங்கி, அதைத் தொடங்கியவனே வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்கிறான்.

யோகநாதனிடம் கேட்டேன். இலாகா விஷயங்களைப் பத்திரிகைக்காரருக்குச் சொல்ல முடியாது என்றார். விமலேஸ்வரியிடம் கேட்டேன். நகம் வெட்டியிருக்கிறேனா என்று என் கையைப் பார்த்தாள். ஆகவே பேனையை உங்களிடம் தருகிறேன், வாசகரே. கல்வி என்பது ஆருடைய பொறுப்பு, அரசாங்கத்துடையதா, மனேஜருடையதா, குளிக்கவைத்து அனுப்பிய தாயுடையதா என்றெல்லாம் சிந்தித்து, நீதியும் இரக்கமும் பொருந்த ஒரு வரி எழுதுங்கள். அவசரமில்லை.

கதிரை இன்னும் வெள்ளிக்கு வெள்ளி நொண்டுகிறது.