அமிலம் விடாத பாட்டில்கள்

வேலூர்க் கல்லூரியில் நடந்த கருத்தரங்கின் இரண்டாம் நாள் மத்தியானம், எழிலரசி சான்றிதழ் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் முப்பது பேர். எல்லார் தோளிலும் ஒரே மாதிரி சணல் பை, எல்லார் முகத்திலும் பஸ் பிடிக்கிற அவசரம்.

வஜீதா இருந்திருந்தால் இந்த வரிசையில் நிற்க விட்டிருக்க மாட்டாள். கருத்தரங்குக்குப் போகும்போது பஸ்ஸிலேயே கட்டுரைச் சுருக்கப் புத்தகத்தைப் படித்து, பார்க்க வேண்டிய மூன்று பேரைப் பென்சிலால் குறித்துவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு அந்த மூவரில் ஒருவர் பக்கத்தில் போய் நிற்பாள். "நம்ம பொண்ணுங்களோடவே குந்தி சாப்பிடறதுக்கு இவ்ளோ தூரம் எதுக்குடி வரணும்? ஹாஸ்டல்லயே சாப்பிடலாமே" என்பாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் டெங்கு வந்து, ஐந்தே நாளில் வாணியம்பாடிக்காரி வஜீதா போய்விட்டாள். இருவரும் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்கள். தோல் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஆறாம் நிலைக் குரோமியம், அதாவது உடம்புக்கு ஆகாத வகை, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஒரே கிணறுகளுக்கு மாறி மாறிப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். வஜீதா விட்டுப்போனது பதினெட்டு அளவுகள். எழிலரசியின் அளவுகளைப் போல அவை ஐந்து மடங்கு இருந்தன.

"பாட்டில சரியா கழுவியிருக்காது அந்தப் பொண்ணு. பதினெட்டையும் எடுத்துட்டு உன்னுத மட்டும் வெச்சி எழுதும்மா" என்றார் நெறியாளர் இருதயராஜ். "கருத்தரங்குல விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் சரின்னா பாக்கலாம்."

விஷயம் தெரிந்தவர் சௌந்தரம். நிலத்தடி நீரில் முப்பது வருஷம் வேலை செய்தவர். இரண்டு நாளாக எழிலரசி அவரைத் தூரத்திலிருந்து பார்த்தாளே தவிர, கிட்டே போகவில்லை. கூச்சம் பாதி. மீதி, அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி. ஆய்வக விதிப்படி, தண்ணீர் எடுத்ததும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விட வேண்டும். ஒருமுறை அமிலப் புட்டியைப் பார்த்துவிட்டு கண்டக்டர் வஜீதாவை நடுவழியில் இறக்கிவிட்டார். அன்றோடு அவள் அமிலம் எடுத்துப் போவதை விட்டுவிட்டாள்.

"பேஜாரு புடிச்ச வேலடி. ஐஸ் பொட்டில வெச்சி அன்னிக்கே டெஸ்ட் பண்ணிட்டா முடிஞ்சிபோச்சி. சார்கிட்ட ஓதிடாத."

எழிலரசி சொல்லவில்லை. இப்போது சௌந்தரத்திடம் கேட்கப் போனால் அதைச் சொல்லியாக வேண்டும். இல்லாதவள் மேல் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வரிசை நகர்ந்தது. சன்னல் வழியாகப் பார்த்தாள். சௌந்தரம் பெட்டியோடு கார் நிற்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். எழிலரசி வரிசையை விட்டு ஓடினாள்.

"மேடம், ஒரு நிமிஷம்!"

"காட்பாடில ரயிலு இருக்கும்மா. நடந்துகிட்டே சொல்லு."

சொன்னாள். கண்டக்டர் இறக்கிவிட்டது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சௌந்தரம் நின்றுவிட்டார்.

"ஐஸ்ல வெச்சி அன்னைக்கே பாத்துட்டாளா?"

"ஆமா மேடம். தப்புதான், ஆனா அவ..."

"யார் தப்புன்னது? மொத்தக் குரோமியம் பாக்கத்தான் அமிலம். ஆறாம் நிலைய பாக்கணும்னா விடவே கூடாது. விட்டு நாலு நாள் வெச்சா அது மூணாம் நிலையா மாறிடும். கருவி கம்மியாத்தான் காட்டும். அந்தப் பொண்ணோட அளவு நிக்கும். அமிலம் விட்டு எடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"எத்தனை?"

"நாப்பத்திரெண்டு."

சௌந்தரம் அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும். மெயில் போடு, முறைய எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

அரங்க வாசலில் இருதயராஜ் நின்றிருந்தார். "எங்கம்மா போய்ட்ட? உன் பேரக் கூப்ட்டு ஓய்ஞ்சிட்டாங்க."

சௌந்தரம் சொன்னதை எழிலரசி சொல்லக் கேட்டு முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

"அந்த விதி நான் போட்டதும்மா. மொத்தக் குரோமியம் பாத்த காலத்துல போட்டது, மாத்தணும்னு தோணவேயில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போவும்."

"போவட்டும் சார்."

"என் மேல கோவமா?"

"இல்ல சார். அவளப் போய் சந்தேகப்பட்டேன் பாருங்க. இருந்திருந்தா என்னை இன்னிக்கி உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பா."

அடுத்த திங்கட்கிழமை ஆம்பூரில் ஐஸ் வாங்கிக்கொண்டு முதல் கிணற்றுக்குப் போனாள். அந்த வீட்டு பாக்யலட்சுமி வாளியை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாம்மா, போன வருஷமே எடுத்துட்டுப் போனியே, இன்னுமா முடியல?"

"தப்பா எடுத்துட்டேன்க்கா."

"வாணியம்பாடிப் பொண்ணு ஒண்ணு வந்து எடுத்துச்சே, அதுவும் தப்பா?"

"இல்லக்கா. அவ எடுத்தது சரிதான்" என்றாள் எழிலரசி, பாட்டிலை நீட்டியபடி.