ஒட்டகத்தில் வந்த தாய்மாமன்கள்

1986-இல் கள்ளக்குறிச்சியில் இருந்த ஒரே டிஸ்கோ குழு எங்களுடையதுதான். போட்டிக்கு யாரும் வராததால் முதலிடத்தைக் காப்பாற்றுவதில் எங்களுக்குச் சிரமமே இருந்ததில்லை. பெயர் கோமுகி டிஸ்கோ குரூப். தலைவர் கொளஞ்சியப்பன், காலையில் கரும்பு வெட்டுவார், சாயங்காலம் ஆர்கன் வாசிப்பார். டிரம்ஸ் வேடியப்பன். அவன் கோயிலில் பம்பை அடித்து வளர்ந்தவன் என்பதால், எங்கள் டிஸ்கோவுக்கு ஆடியவர்களில் இரண்டு பேருக்கு விபூதி போட்டுத்தான் இறக்க வேண்டியிருந்தது. பாடுவது கொளஞ்சியப்பனின் தங்கை செல்லியம்மாள். எனக்கு எதுகை வரும் என்று யாரோ சொன்னதால், பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் இருந்த என்னைப் பாட்டெழுத வைத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் கேசட் கடை செல்லமுத்து வந்தார். கிறிஸ்துமசுக்கு எட்டுப் பாட்டில் ஒரு கேசட் போடலாம், ஆனால் கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த ஒருவர் கேட்டுச் சரியென்று சொல்ல வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கொளஞ்சியப்பன் ஒத்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. தை மாதம் செல்லியம்மாளின் பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், சீர்த்தட்டும் மாமன்தான் கொண்டுவர வேண்டும். கச்சிராபாளையத்தில் செல்லியம்மாளின் மாமனார் மாயவன், முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பந்தியில் அவளிடம், உங்க அண்ணன் தட்டுல இன்னா வெப்பாரு, கரும்பா என்று கேட்டிருந்தார். என் பேரு அச்சடிச்ச கேசட்டு வெப்பேன் என்று இலையில் கை வைத்தபடியே சொல்லிவிட்டு வந்திருந்தார் கொளஞ்சியப்பன். முப்பது பேர் கேட்ட வார்த்தை.

ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி மில் கிடங்கில் ரெக்கார்டிங். ஜன்னலுக்கெல்லாம் கோணி அடைத்தோம். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் எல்லாரும் ஜிகினா சட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. மினுமினுப்பு குரலில் தெரியுமாம்.

எங்களில் யாருக்கும் கிறிஸ்துமஸ் கதை தெரியாது. அதை ஒரு குறையாக நாங்கள் நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் வாழ்த்து அட்டை ஒன்று வாங்கி ஆர்கன்மேல் சாய்த்துவைத்தோம். வைக்கோல், குழந்தை, அம்மா, அப்பா, இரண்டு மாடு. மாடுகளுக்கு மட்டுமே மூன்று பாட்டு எழுதினேன், எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான். ஓரத்தில் ஒட்டகத்தோடு மூன்று பேர் நின்றார்கள். தலையில் பாகை, கையில் தங்கம். பிள்ளை பிறந்த இடத்துக்குத் தங்கத்தோடு வருகிறவர்கள் யார் என்று எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. 'மூணு மாமன் வந்தாங்க, மூட்டைப் பவுனு தந்தாங்க' என்று தலைவர் மெட்டுப் போட்டார். வேடியப்பன் அடித்த அடியில் கோணி உதிர்ந்தது. நாங்கள் செய்ததிலேயே அதுதான் நல்ல பாட்டு. இதை இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

டிசம்பர் முதல் வாரம் பாட்டுகளைக் கேட்டுச் சொல்ல வெள்ளிமலை பஸ்ஸில் உபதேசியார் இறங்கிவந்தார். மலைமேல் சின்னக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஞானோபதேசம் சொல்லித்தருகிறவர். மாட்டுப் பாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டார். மாமன் பாட்டுக்கு அவர் கால் தாளம் போட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பாட்டு முடிந்ததும் காலை நிறுத்திவிட்டு, இது ஆகாது என்றார்.

"அவங்க மாமனுங்க இல்ல தம்பி. ஞானிங்க. நட்சத்திரத்தப் பாத்துக்கினு கெழக்கேருந்து வந்தவங்க."

உறவா என்று கேட்டார் கொளஞ்சியப்பன். இல்லை. ஒரே ஊரா? அதுவும் இல்லை.

"அப்ப இன்னாத்துக்குங்க பவுனு குடுத்தாங்க?"

உபதேசியாரின் இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வி வந்ததில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை. அப்படியானால் மற்ற ஏழு பாட்டை மட்டும் போடலாமா என்று கேட்டேன். மாட்டைப் பற்றிக் கேசட் போட்டுவிட்டு நான் எங்கே போய் விற்பது, அந்தப் பாட்டு இல்லாவிட்டால் கேசட்டே வேண்டாம் என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து. இவர் அந்தப் பாட்டு கூடாது என்கிறார், அவர் அந்தப் பாட்டு இல்லாமல் கூடாது என்கிறார். கொளஞ்சியப்பன் ஜிகினா சட்டையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் எத்தனை பேரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரியும். முப்பது பேரை.

பையனை இடுப்பில் வைத்திருந்த செல்லியம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தம்மாக்குக் கூடப் பொறந்தவங்க யாருனா அங்க இருந்தாங்களாங்க?"

"வேதத்துல அப்பிடி எதுவும் சொல்லலம்மா. வெளியூரு. சத்திரத்துல எடங்கூடக் கெடைக்கல."

"அப்ப மாமன் செய்ய வேண்டியத இவங்க செஞ்சிருக்காங்க. ஞானிங்க, தெரியாதா அவங்களுக்கு?"

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அத அப்பிடியே பாடும்மா" என்றார்.

மாற்றி எழுதப் பேனாவைத் தேடினேன். அதற்குள் அவளே பாடிக்கொண்டிருந்தாள்.

கூடப் பொறந்தவன் யாருமில்ல
குளிருக்கு மறைப்பு ஏதுமில்ல
மாமன் மொறையச் செய்யத்தான்
மானத்து மீனப் பாத்து வந்தாங்க

தலைவர் பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஒரே மூச்சில் பதிவானது. 'மூணு மாமன்' என்று மறுபடி வருகிற இடத்தில், வேடியப்பனின் அடிக்கு இடுப்பிலிருந்த பையன் வீறிட்டான். செல்லமுத்து நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். உபதேசியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பொறந்த புள்ள அழத்தான செய்யும் என்று பாட்டு முடிந்தபிறகு விளக்கம் சொன்னார். அந்த அழுகை கேசட்டில் அப்படியே இருக்கிறது. சுருதியும் சேர்ந்திருக்கிறது.

தையில் கச்சிராபாளையத்துக்கு ஜிகினா சட்டையிலேயே போனோம். வெயிலில் நாங்கள் வந்தது கல்வராயன் மலையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். தட்டில் தேங்காய், பழம், பையனுக்குச் சட்டை, கம்மல், நடுவில் வெற்றிலைமேல் சாய்த்துவைத்த கேசட். மாயவன் மற்ற எதையும் பார்க்கவில்லை. கேசட்டை எடுத்து, தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். கொளஞ்சியப்பன் என்ற பெயர் படிக்க நேரம் எடுக்கும் பெயர்தான். அன்றைக்கு அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது எங்களுக்கு.

படித்து முடித்ததும் மைக் செட்டுக்காரனிடம் கொடுத்துப் போடச் சொன்னார்.

மூணு மாமன் வந்தாங்க. மொட்டைத்தலைப் பையன் மாமன் மடியில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். பந்தலில் பையன் அழுதான், கூம்பு ஸ்பீக்கரிலும் பையன் அழுதான்.

மாயவன் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். பிறகு மடியில் இருந்தவனைப் பார்த்தார்.

"அதுவும் இவன்தானா?"

"இவன்தாங்க" என்றார் கொளஞ்சியப்பன். "நம்ம கேசட்டுதான."