இருபதாவது ஆள்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் நந்தகுமாரின் யூனிபார்ம் தையல் கூடத்தில் பத்தொன்பது பேர் வேலை செய்வதாகப் பதிவேடு சொல்லும். எதிர் டீக்கடையில் கேட்டால் இருபது என்பார்கள். இருபதானால் எல்லோருக்கும் பி.எஃப். கட்ட வேண்டுமே. அதனால் கடைசியாகச் சேர்ந்த நளினிக்குப் பதிவேட்டில் இடமில்லை. போன மாதம்தான் முதலாளி பெங்களூரில் ஏதோ தலைமைப்பண்புப் பயிற்சிக்குப் போய்வந்து, 'லாபத்துக்கு முன் மனிதர்' என்று வாசலில் பலகை மாட்டினார். நல்ல பலகை. பித்தளை எழுத்து.

செவ்வாய்க்கிழமை காலை பங்காருபேட்டையிலிருந்து தெரிந்தவர் ஒருவரின் போன் வந்தது. பி.எஃப். இன்ஸ்பெக்டர் புறப்பட்டுவிட்டாராம். யாரும் கவனிக்காதபடி நளினியைப் பின்பக்கத் துணிக் கிடங்கில் உட்காரவைத்து, வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் நந்தகுமார்.

"நளினி எங்க, மொதலாளி?" என்றாள் சூப்பர்வைசர் தாயம்மா.

"வூட்டுக்கு அனுப்பிட்டேன்க்கா."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டும்போதே அயர்ன் மேசையருகே வயர் தீப்பிடித்தது. துணி பற்றியது. எல்லோரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள்.

தீயணைப்பு வண்டி வந்ததும் அதிகாரி கேட்டார்: "எஷ்டு ஜனா? மொத்தம் எத்தினி பேரு?"

"பத்தொம்போது." நந்தகுமாரின் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தெருவில் நின்ற வேலையாட்களை எண்ணினார்கள். சரியாகப் பத்தொன்பது.

"அப்ப உள்ள யாரும் இல்ல. முன்பக்கத்தைக் காப்பாத்துங்கப்பா, பின்னாடி வெறும் துணிதான்."

நந்தகுமாரின் கை சட்டைப் பைக்குப் போனது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர், கையில் பதிவேடு. சொன்னால் அபராதம், வழக்கு, கடைத்தெரு முழுக்கச் சிரிப்பு. கிடங்கின் கூரையிடுக்கில் புகை கறுப்பாகக் கிளம்பியது. கதவு தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தார். கேட்கவில்லை.

"உள்ள ஒருத்தி கீறா சார்," என்று சாவியை நீட்டினார். "நான்தான் பூட்டினேன்."

நளினியைத் தூக்கிவந்து தெருவில் கிடத்தினார்கள். முகமெல்லாம் கரி. நெடுநேரம் இருமியபின் கண் திறந்து, முதலாளியைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: "இன்ஸ்பெக்டர் போய்ட்டாரா? நான் சத்தமே போடல மொதலாளி."

இன்ஸ்பெக்டர் தலை குனிந்தார். நந்தகுமார் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

தாயம்மா நளினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கப்பா தங்கச் சொரங்க ஷாஃப்ட்ல எறங்கறப்ப டோக்கன் குடுப்பாங்க. அது திரும்பி வரலன்னா, ஆள் கீழ கீறான்னு தேடிப் போவாங்க. சொரங்கத்த நடத்தின வெள்ளக்காரனுக்கே அது தெரிஞ்சிருந்துது. ஆளை மறைச்சு வெச்சு சம்பாதிக்கிறதுக்குத் தொழில்னு பேர் வெக்காதீங்க மொதலாளி. ஒருத்தியை உள்ள அனுப்பினா, அவ வெளிய வர்ற வரைக்கும் பதில் சொல்றவன்தான் மொதலாளி."