கடைக்கு என்ன விலை

பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலில் நிதியியல் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து மாமா அவளை ‘சேர்மன்’ என்றுதான் கூப்பிடுவார். இப்போது இரண்டாம் ஆண்டு. வகுப்புக்குப் பக்கத்திலேயே அத்தை வீடு என்பதால் விடுதிச் செலவு மிச்சம். பதிலுக்கு மாமாவின் கிண்டலைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நடப்பில் இருக்கும் ஏதாவது ஒரு தொழிலை எடுத்து, அது என்ன விலை பெறும் என்று கணக்கிட்டுத் தரச் சொன்னார் பேராசிரியர். வகுப்பில் பாதிப் பேர் விமானக் கம்பெனி, மருந்துக் கம்பெனி என்று பெரிய இடமாகப் பார்த்துத் தாவினார்கள். சேர்மன் எடுத்தது அத்தையின் ஆல்டரேஷன் கடை. வணிக வளாகத்தில் லிஃப்டை ஒட்டிப் பத்தடி இடம். உள்ளே அத்தை பேண்ட் உயரம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், போன வருஷத்து உடம்புக்கு எடுத்த சட்டையை இந்த வருஷத்து உடம்புக்குப் பிரித்துத் தைப்பார். மாமா கல்லாவில் உட்கார்ந்து ரசீது கிழிப்பார். அதற்கு மேல் அவர் எதையும் கிழித்ததாக வரலாறு இல்லை.

மாமா எழுதிக் கொடுத்த வரவு, வாடகை, நூல், கரண்ட் எல்லாவற்றையும் சேர்மன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இனி வரப்போகும் லாபத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினாள். வந்த தொகையைப் பார்த்து அவளுக்கே மயக்கம் வராத குறை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மாமாவிடம் காட்டிவிட்டாள்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடை செருப்பு வியாபாரி வெகுநாளாகக் கடையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த விலைக்குக் குறைந்து பேச்சே இல்லை என்று அவரிடம் மாமா அடித்துச் சொல்ல, மனிதர் சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. இன்னும் ஐந்து வருஷத்துக்கு அத்தை இப்போது போலவே, தனியாகச் சம்பளம் எதுவும் கேட்காமல், வந்து தைத்துக் கொடுக்க வேண்டும். அதெல்லாம் விலையிலேயே அடக்கமாம். மாமா அதற்கும் மண்டையை ஆட்டிவிட்டு, அத்தையிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சேர்மனிடம் கண்ணடித்தார். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து.

வியாழக்கிழமை பேராசிரியர் அறிக்கையைத் திருப்பித் தந்தார். சிவப்பு மையில் ஒரே கேள்வி: தைப்பவருக்குச் சம்பளம் எங்கே? சேர்மனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா கொடுத்த கணக்கில் அப்படி ஒரு வரியே கிடையாது. பத்தொன்பது வருஷமாக யாரும் கொடுத்ததும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. வளாகத்தின் மாடிக் கடையில் வேலை பார்க்கும் தையற்காரர் வாங்கும் சம்பளத்தை விசாரித்து அந்த இடத்தில் போட்டுப் பார்த்தாள். கடையின் மதிப்பு மடமடவென்று இறங்கி, இரண்டு பழைய மெஷினும் ஓர் ஆளுயரக் கண்ணாடியும் என்ன பெறுமோ அங்கே வந்து நின்றது.

சொன்னால் மாமாவின் வியாபாரம் கெடும். சொல்லாவிட்டால் அத்தை மாட்டிக்கொள்வார். இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய், மாமாவை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். செருப்புக்கடைக்காரரின் நிபந்தனை உட்பட.

அத்தை வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.  ஆசை ஆசையாக அத்தை நடத்தும் கடையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டோமே என்று சேர்மனுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“அப்போ முதல்ல அவ்வளவு பெரிய தொகை எப்படி வந்துச்சு?” என்று கேட்டார் அத்தை.

“அது நீங்கதான் அத்தை. உங்களுக்குக் குடுக்காத சம்பளம்தான் கடையோட லாபமா நின்னிருக்கு.”

 அத்தை மாமா பக்கம் திரும்பினார்.

“கடையைத் தாராளமா வித்துக்கோங்க. மெஷின், கண்ணாடி, ஸ்டூல், எல்லாத்தையும் குடுத்துடுங்க. நான் மட்டும் அதுல சேர்த்தி இல்ல.”

“நீ இல்லேன்னா யார் வாங்குவா?” என்றார் மாமா. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கல்லாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடித் தையற்காரருக்கு மாசம் எவ்வளவு என்று சேர்மனிடம் கேட்டார்.

சேர்மன் சொன்னாள்.

“அவ்வளவா?”

“அது தைக்கிறதுக்கு மட்டும்,” என்றார் அத்தை, ஊசியில் நூல் கோத்தபடி. “வீட்டைப் பத்தி அவ இன்னும் கணக்கே போடலை.”