இரண்டு விரல் இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் மச்சான் வந்துவிட்டார். ஒரு கையில் ஹேங்கரில் தொங்கும் கோட்டும் பேண்டும். மறு கையில் ஊசி, நூல், சாக்குக்கட்டி எல்லாம் போட்ட பிஸ்கட் டப்பா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதட்டல் ஆரம்பித்துவிட்டது.

“மாப்ளே, குளிச்சிட்டியா? குளிக்காத உடம்புல இதை ஏத்த விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“நான் என்ன பொணமா மச்சான், குளிப்பாட்டித் துணி போடுறதுக்கு?”

“வாயக் கழுவு. போர்டுக்குப் போறவன் பேசுற பேச்சா இது?”

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கோட்டு சூட்டு விற்கும் பெரிய கடையின் பின்னறையில், வாங்குகிறவர் உடம்புக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல். கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அரை இஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தாலும் ‘அரை இஞ்சு கூட’ என்பார், இல்லாவிட்டால் ‘அரை இஞ்சு கம்மி’ என்பார். தங்கைக்கு மகள் பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, “இடது காது அரை இஞ்சு மேல இருக்கே” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர்.

மாப்பிள்ளைக்கும் பட்டப்பெயர்தான். வேலை பார்க்கும் சிமெண்டுக் கிடங்கில் அவனைக் கிரேன் என்பார்கள். இரண்டு பேர் தூக்குகிற மூட்டையை ஒற்றை ஆளாக வலது தோளில் ஏற்றிக்கொண்டு லாரிக்குப் போட்ட பலகைமேல் ஓடுவான். எட்டு மாதத்துக்கு முன்னால் அடுக்கு சரிந்து மூன்று மூட்டைகள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தன. எலும்பு முறியவில்லை. முறிந்திருந்தால் எக்ஸ்ரே படத்தில் தெரிந்திருக்கும், அவனும் தப்பித்திருப்பான். உள்ளே நரம்பு போய்விட்டது. தோளின் சதை வற்றி, வலது தோள் இடதைவிட இரண்டு விரல் அளவு இறங்கிப்போனது. வலது கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் கொண்டுபோனால் கண்ணில் பூச்சி பறக்கும். சட்டை மாட்டிவிட மனைவி வேண்டும். பெயர் மட்டும் இன்னும் கிரேன்தான்.

செவ்வாய்க்கிழமை மருத்துவ போர்டு. ‘கடின வேலைக்கு ஆகாது’ என்று அவர்கள் எழுதிவிட்டால், கிடங்கு வாசலில் லாரிக்கு எடைச் சீட்டு எழுதுகிற நாற்காலி அவனுக்குத்தான். நாற்காலி காலியாக இருக்கிறது, மேஸ்திரியே சொன்னார். அதற்காகவே இந்த எட்டு மாதத்தில், நாற்பத்தாறு வயதில், மகளின் பழைய நோட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டான். ‘ஆகும்’ என்று எழுதிவிட்டால் மறுபடி மூட்டை. தூக்க முடியாதென்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். முதல் போர்டு முடிந்துவிட்டது. இது இரண்டாவது. மூன்றாவது என்று ஒன்று கிடையாது.

முதல் போர்டுக்கு அவன் வேலைச் சட்டையோடு போனான். அவனிடம் இருந்த ஒரே முழுக்கைச் சட்டை அதுதான். எத்தனை துவைத்தும் சிமெண்டு வாடை போகவில்லை. உள்ளே ஒருவரும் தலை நிமிரவில்லை. “குடிப்பியா?” என்று ஒரு கேள்வி. “தள்ளி நில்லு” என்று ஒரு உத்தரவு. தோளைப் பார்க்காமலே ‘மறுபரிசோதனை’ என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். மனைவி அதைக் கேட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய் அழுதாள்.

“மனுஷன்னு மதிச்சு ஒரு தடவை நிமிர்ந்து பாக்கட்டும்ணே. அது போதும். பாத்தா தெரிஞ்சிடுமே.”

அதற்குத்தான் இந்தச் சூட்டு. தைக்கக் கொடுத்தவர் வாங்க வராமல் ஒரு வருடமாகக் கடையில் தொங்கிய கருநீலச் சூட்டு. முதலாளியிடம் கேட்டு வாங்கி, அரை இஞ்சு மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதில் போட்டிருந்தார்.

“நில்லு. மூச்சை இழுத்துப் பிடிக்காத. தொப்பைக்கும் இடம் விட்டிருக்கேன்.”

“எனக்கு ஏது மச்சான் தொப்பை?”

“எட்டு மாசமா வீட்டுல உக்காந்திருக்க. என் தங்கச்சி சமையலும் நல்லாருக்கும். வராம எங்க போகும்?”

அடுப்படியிலிருந்து அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

முதலில் இடது கையை நுழைக்காமல் வலது கையை நுழைக்க வைத்தார், வலி குறையுமென்று. பிறகு சுற்றிச் சுற்றி வந்தார். கிரேனுக்கு இதுவரை துணி என்றால் உடம்பை மறைப்பது, அவ்வளவுதான். அரை இஞ்சு சொல்லச் சொல்லத்தான் அதற்குள் இத்தனை சங்கதி இருப்பது தெரிந்தது. சட்டைக் கை கோட்டுக் கைக்கு வெளியே அரை இஞ்சு தெரிய வேண்டும். அதற்கு மேலே தெரிந்தால் இரவல், தெரியாவிட்டால் பட்டிக்காடு. காலர் கழுத்தை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும், விரல் நுழைகிற சந்து இருக்கக் கூடாது. பேண்டு பூட்ஸ்மேல் ஒரே ஒரு மடிப்பாக உட்கார வேண்டும். டையின் நுனி பெல்ட்டு பக்கிளைத் தொட்டால் போதும், முடிச்சுக்குக் கீழே கன்னக்குழி மாதிரி ஒரு குழி விழ வேண்டும். கோட்டுப் பையை மூடியிருக்கிற தையலைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் கை உள்ளே போகும், கை போனால் கோட்டு தொங்கிவிடும்.

“பொத்தான்ல மேல இருக்கிறத மட்டும் போடு. கீழ உள்ளதைத் தொடாத.”

“போடக் கூடாதுன்னா எதுக்கு வச்சீங்க?”

“உன் கிடங்குல மேஸ்திரி இருக்காரே, மூட்டை தூக்குறாரா? எதுக்கு வச்சிருக்காங்க? அந்த மாதிரிதான். உக்காரும்போது மேல் பொத்தானக் கழட்டணும், எந்திரிக்கும்போதே போட்டுக்கணும். ஒத்தைக் கையால. அதப் பாத்தாலே இவன் பழகினவன்னு எதிராளிக்குத் தெரிஞ்சிடும்.”

நாற்காலியில் உட்கார வைத்து, எழ வைத்து, இருபது தடவை பழக்கினார்.

கடைசியில் தோளுக்கு வந்தார். குரல் தணிந்துவிட்டது.

“கோட்டுன்னா தோள்தான் மாப்ளே. இடுப்பப் பிடிச்சுக்கலாம், நீளத்தக் குறைச்சுக்கலாம். தோள் தப்பிச்சுன்னா ஆளே தப்பு. உன் தோளுக்குத்தான் நாலு நாள் ஆச்சு.”

வலது பக்கம் லைனிங்கைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சுப் பட்டைமேல் இன்னும் மூன்று அடுக்கு பஞ்சு வைத்திருந்தார். கழுத்துப் பக்கம் தாள் மாதிரி மெலிந்து, தோள் முனைக்கு வரவர கனத்துக்கொண்டே போகும்படி ஒவ்வொரு அடுக்கையும் கையாலேயே பிய்த்து அடுக்கியிருந்தார். கை கீழே இறங்கித் தொங்குவதால் அந்தக் கைப்பகுதியை மட்டும் நீட்டிவிட்டிருந்தார். மேலே தடவிப் பார்த்தால் மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. பிரித்துத் தைத்த அடையாளமே இல்லை.

அலமாரிக் கண்ணாடி முன்னால் அவனை நிறுத்தினார். கிரேன் பார்த்தான். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். விபத்துக்கு முந்தின ஆள், அதைவிடவும் நல்ல ஆள் ஒருத்தன், எதிரே நின்றான்.

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எட்டு மாசத்துல இப்பத்தாண்ணே இவரு நேரா நிக்கிறாரு.”

அரை இஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் விழாத ஊசியைத் தேடினார். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மூன்று பேரில் ஒருவருக்குமே தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி மாடியில் நீளமான நடைக்கூடம். சுவரோரம் பெஞ்சுகள். போன தடவை அவனை மாடிப்படியிலேயே நிறுத்தி வைத்த அதே பியூன் எழுந்து வந்து, “சார், அந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க” என்றான். கிரேன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ சொல்கிறான் என்று. கூட வந்திருந்த அரை இஞ்சு அவன் விலாவில் இடித்தார்.

“உன்னத்தான்டா. பொத்தானக் கழட்டிட்டு உக்காரு.”

பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனான். மேசைக்குப் பின்னால் பெரிய டாக்டர் ஒருவர், பக்கத்தில் குறிப்பு எழுதுகிற அம்மா ஒருவர். மேசைமேல் ஃபைல்கள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி கேட்டது கிடைத்துவிட்டது. நன்றாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“உக்காருங்க.”

கிரேன் பொத்தானைக் கழற்றி உட்கார்ந்தான்.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார்.”

மரியாதையாகக் கேட்டால் வாய் தானாக அப்படித்தான் சொல்லும். வேறு எப்படிச் சொல்ல அவனுக்குத் தெரியும்? அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

“எந்திரிச்சு நில்லுங்க. திரும்புங்க. சரி, முன்னால பாருங்க.”

எழும்போதே இடது கையால் மேல் பொத்தானைப் போட்டான். இருபது தடவை பழகியது, பிசகவில்லை. முதுகு நேராக நின்றது.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். “வலது தோள் இறங்கியிருக்குன்னு ஆஸ்பத்திரிக் குறிப்புல இருக்கு. எனக்குச் சமமாத்தான தெரியுது?” அந்த அம்மாவைப் பார்த்தார். அவரும் பேனாவைக் குறுக்கே பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தார்.

“சமமாத்தான் சார் இருக்கு.”

“நல்ல முன்னேற்றம். அதிருக்கட்டும், சூட்டு எங்க தச்சீங்க? என் கோட்டு ஒண்ணு தோள்ல உக்காரவே மாட்டேங்குது.”

“என் மச்சான் சார்” என்றான் கிரேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது. சொல்லி முடித்து வாயை மூடுவதற்குள் டாக்டர் பார்த்தது எதை என்று அவனுக்கு உறைத்தது.

“சார், சார், இது கோட்டு சார். உள்ள பஞ்சு வச்சிருக்கு. என் தோள் இல்ல சார் இது.”

டாக்டர் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார். கிரேன் கோட்டைக் கழற்றப் பார்த்தான். மாட்டுகிற வரிசையைச் சொல்லிக் கொடுத்த மச்சான் கழற்றுகிற வரிசையைச் சொல்லித் தரவில்லை. வலது கை சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உதறி இழுத்தான். கோட்டு தரையில் விழுந்தது. சட்டையோடு நின்றான். வலது தோள் தன் இடத்துக்கு, இரண்டு விரல் கீழே, இறங்கியது.

“இப்ப பாருங்க சார்.”

டாக்டர் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டது.

“ஒரு நிமிஷம் முன்னாடி நேரா இருந்துச்சு. இப்ப நான் எழுத ஆரம்பிச்சதும் இறக்கிக்கிட்டீங்க. தினம் நாப்பது பேரப் பாக்குறேன் நான்.”

“சத்தியமா சார்! சட்டையக் கழட்டிக் காட்டுறேன்.” இடது கையால் பொத்தான்களைப் பிடுங்கினான்.

“ஐயோ, வேணாம், வேணாம்” என்று அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போதும். நல்ல துணி போட்டுட்டு வந்திருக்கீங்க, அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்குங்க. அடுத்த ஆளக் கூப்பிடுப்பா.”

கோட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வெளியே வந்தபோது அரை இஞ்சு துள்ளி எழுந்தார்.

“அடப்பாவி, கோட்ட ஏண்டா கசக்குற? குடு. என்ன சொன்னாங்க?”

தாளை நீட்டினான். அதில் இருந்ததை அவனே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான். அதைப் படிக்கவா இத்தனை மாதம் படித்தோம் என்று இருந்தது. அரை இஞ்சு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“இரு தோள்களும் சமமாக உள்ளன.”

சிரித்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தையலைப் பற்றி ஒருவரும் தாளில் எழுதிக் கொடுத்ததில்லை. சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே அடுத்த வரிக்குக் கண் போனது. ‘முழு நேரக் கடின வேலைக்குத் தகுதியானவர். திங்கட்கிழமை பணிக்குத் திரும்ப வேண்டும்.’

முதல் வரியை மறுபடி படித்தார். பிறகு இரண்டாவது வரியை. பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நான் வச்ச பஞ்சு” என்றார்.

கிரேன் திறந்து கிடந்த சட்டைப் பொத்தானை இடது கையால் மாட்டப் பார்த்தான்.

சட்டென்று பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். கோட்டைத் தொடைமேல் விரித்து, லைனிங்கைக் கிழித்தார். பிரிக்கவில்லை, கிழித்தார். பஞ்சை அடுக்கடுக்காகப் பிய்த்து எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினார். பியூன் கையைக் குறுக்கே நீட்டினான்.

“உள்ள ஆள் இருக்கு சார்.”

“இதை மட்டும் காட்டுப்பா. இதுதான்னு சொல்லு. பாரு, மூணு அடுக்கு. இவ்வளவு கனம். இதைக் கைல வச்சுப் பாத்தாலே அவருக்குப் புரியும்.”

“பஞ்சக் கொண்டுபோய்க் குடுத்தா என்னையத்தான் திட்டுவாரு. முடிஞ்சது முடிஞ்சதுதான் சார், போங்க.”

“கடைசித் தடவைப்பா இது!”

“எல்லாருக்கும் கடைசித் தடவைதான் சார் இங்க.”

அரை இஞ்சு அங்கேயே நின்றார். உள்ளங்கையில் பஞ்சு வெள்ளையாக இருந்தது. ஃபேன் காற்றில் அதிலிருந்து துணுக்குத் துணுக்காகப் பிரிந்து நடை முழுவதும் பறந்தது. பெஞ்சில் இருந்த ஒரு கிழவி தும்மினாள்.

“உங்க மேல தப்பில்ல மச்சான்” என்றான் கிரேன்.

“அப்ப யார் மேல?”

நல்லா இருக்கேன் சார் என்று சொன்ன தன் வாயைச் சொல்லலாம். நிமிர்ந்து பார்க்கட்டும் என்று கேட்ட மனைவியைச் சொல்லலாம். பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்கள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கிடங்கில் லாரி நின்றது. எடைச் சீட்டு நாற்காலியில் மேஸ்திரியின் மருமகன் உட்கார்ந்திருந்தான். போர்டுத் தாளை வாங்கிப் பார்த்த மேஸ்திரி, “தகுதின்னு எழுதிட்டாங்களே கிரேன், நான் என்ன செய்ய?” என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

லாரிக்கு மேலே நின்றவன் முதல் மூட்டையைத் தள்ளினான். கிரேன் இடது தோளைக் கொடுத்தான். அந்தத் தோளுக்குப் பாரம் பிடிக்கத் தெரியாது. மூட்டை நழுவி, கழுத்தை அழுத்தி, வலது பக்கமாகச் சாய்ந்தது.

“விட்டுறாத, விட்டுறாத!” என்று யாரோ கத்தினார்கள்.

அவன் விடவில்லை. பலகைமேல் காலை வைத்தான்.