முதல் பந்துக்கு ஒரு பொன்னாடை

அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட் தமிழர்களின் பேஸ்பால் அணி 2006-இல் எல்லா ஆட்டத்திலும் தோற்றது என்று சொன்னால் அது பாதிக் கதைதான். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். அதற்கும் முந்தின வருஷம் ஒரு ஆட்டம் மழையில் நின்று போனதால், அந்த ஒன்றில் மட்டும் தோற்கவில்லை.

சீசன் முடிந்ததும் லீக் செயலாளர் கேப்டன் நெய்னா முகம்மதுவைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார். அடுத்த சீசனில் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் இடத்தை வேறு அணிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று. நெய்னாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் பூரா ஃப்ரீவேயில் ஊர்ந்து, ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிற மனுஷன். அவன் வாய்விட்டுக் கத்துவதற்கு என்று இருந்த ஒரே இடம் அந்த சனிக்கிழமை மைதானம். அதுவும் போய்விட்டால்?

அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச அவன் வீட்டில் கூட்டம் போட்டார்கள். விக்கெட் கீப்பர் மாதிரிப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற ஸ்ரீநிவாஸ், லேப்டாப்பில் படம் காட்டினான். புது மட்டை, புது ஜெர்ஸி, ஜிம், சம்பளத்துக்கு ஒரு கோச். "டீம் பேரே ராசியில்லப்பா, மாத்திடுவோம்" என்றான் அல்தாப். கை வலுவுள்ள பையன், அவனைக் கொண்டுபோய் எல்லைக்கோட்டுப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

தோல்விக்குக் காரணம் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை, கண்ணுகளா. அந்தக் காரணம் எதிர் சோபாவிலேயே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தது.

மகாதேவன் சார். அணியை ஆரம்பித்தவரே அவர்தான். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய எஞ்சினியர், அறுபதைத் தொடப் போகிறவர். அங்கே இருந்த பாதிப் பேரை ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப் போய், தன் வீட்டில் தங்கவைத்து, காரோட்டப் பழக்கிவிட்டவர். நெய்னா டிரைவிங் டெஸ்டில் பாஸானதே அவருடைய பழைய காரில்தான். சென்னையில் காலேஜ் நாளில் அவர் பேர்போன லெக் ஸ்பின்னர். அங்கேதான் வினை வந்தது. பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் நேரே போக வேண்டும். நாலு பந்து தப்பாய்ப் போனால் எதிராளி மட்டையை அசைக்காமலேயே முதல் பேஸுக்கு, அதாவது ரன்னுக்கான முதல் கட்டத்துக்கு, நடந்து போகலாம். சார் வீசுகிற பந்தோ அழகாக மேலே எழும்பி, தரையில் குத்தி, சுழன்று திரும்பி, ஸ்ரீநிவாஸின் முழங்காலில் போய் நிற்கும். எதிரணிக்காரர்கள் சாயங்கால நடை போகிற மாதிரி வரிசையாய் நடந்தே ஜெயித்தார்கள்.

இதை அவரிடம் சொல்வது யார்? கூட்டம் முடிகிறபோது புது ஜெர்ஸி வாங்குவதாக முடிவாயிற்று.

"ஜெர்ஸி போட்டா பந்து நேரா போயிருமா மச்சான்?" என்றாள் நெய்னாவின் மனைவி ஹபீஸா, தட்டுகளை எடுத்தபடி.

"நீ வேற புள்ள. அவருகிட்ட போய், சார் நீங்க உக்காருங்கன்னு எந்த வாயால சொல்றது?"

"உக்காருங்கன்னு யாரு சொல்லச் சொன்னா? நம்ம ஊர்ல ஒரு பெரிய மனுஷனை எப்படி உக்கார வைப்பாங்க? மேடை போட்டு, பொன்னாடை போத்தி, 'ஆலோசகர்'னு ஒரு பட்டம். அதுக்கப்புறம் அவரு விளையாட வருவாரா?"

நெய்னா அவளை வாய் பிளந்து பார்த்தான். அரசியலில் இருக்க வேண்டியவள், தனக்கு வாய்த்துவிட்டாள்.

குடியிருப்பின் கிளப்ஹவுஸில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. பொன்னாடைக்கு ஸ்ரீநிவாஸ் பொறுப்பு. சுகர் லேண்டில் அந்தக் காலத்தில் சுற்றிக்கொண்டிருந்தது ஒரே பொன்னாடைதான். ஊரிலிருந்து வந்த பட்டிமன்றப் பேச்சாளருக்குப் போர்த்தி, அவர் பெட்டியில் இடமில்லை என்று விட்டுப்போய், அப்புறம் இரண்டு மூன்று தோள் மாறி, ஓரத்தில் ஒரு சாம்பார்க் கறையோடு அது சார் தோளுக்கு வந்து சேர்ந்தது. நெய்னா பேசினான். "எங்களுக்கு வழிகாட்ட, இனிமே எல்லாத்தையும் வெளியில இருந்து பாத்துக்க, தலைமை ஆலோசகரா..." என்று 'வெளியில'வை நன்றாக அழுத்தித்தான் சொன்னான்.

மகாதேவன் சார் மைக்கைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு பிரியமா இருக்கீங்க. இனிமே நான் எப்படிப்பா ஒதுங்க முடியும்? சொல்றேன் கேட்டுக்கோங்க. இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த டீமுக்கு நான்தான் பந்து போடுவேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சத்தமாகத் தட்டியது ஸ்ரீநிவாஸ்தான். தட்டிக்கொண்டே குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டான்.

நானே போர்த்தி நானே கெடுத்தேனே என்று நெய்னா தட்டில் பிரியாணியைப் பிசைந்துகொண்டே நின்றான். அப்போது சாரின் மனைவி ஸ்வர்ணா அவனையும் ஹபீஸாவையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சமையல் மேடைப் பக்கம் ஒதுக்கினாள்.

"ஏம்ப்பா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? எங்காத்து மனுஷர் தோள்பட்டை மூணு வருஷமா கழண்டுண்டு வரது. சனிக்கிழமை ஆனா தைலம் தேய்ச்சே என் கை மரத்துப் போறது. விட்டுத் தொலைங்கோன்னா, 'பசங்க என்னை நம்பியிருக்காங்க, விலகினா மனசு ஒடிஞ்சுடுவாங்க'ங்கறார். இந்த வருஷம் எப்படியும் சொல்லிடறேன்னு கிளம்பி வந்தார். நீங்க என்னடான்னா பொன்னாடை போத்திட்டேள்! அதுக்கப்புறம் மாட்டேன்னு சொல்ல அவருக்கு வாய் வருமா?"

நெய்னாவும் ஹபீஸாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹபீஸாதான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் ஸ்வர்ணாவுக்கே தொற்றிக்கொண்டது. மூன்று வருஷமாய் அவர் இவர்களுக்காக வீசினார், இவர்கள் அவருக்காகத் தோற்றார்கள். யாரும் யார் மனசையும் நோகடிக்கவில்லை. ஸ்ரீநிவாஸின் முழங்கால் ஒன்றுதான் நொந்தது.

"ஆனா ஆன்ட்டி, மைக்ல சொல்லிட்டாரே. பத்து வருஷம்னு ஊரே கேட்டுருச்சு. சார் சொன்ன சொல்லை விடமாட்டாரே" என்றான் நெய்னா.

"விட வேணாம்" என்றாள் ஹபீஸா. "ஹூஸ்டன் ஸ்டேடியத்துல நாம பாத்தோமே மச்சான். ஆட்டம் தொடங்குறதுக்கு முன்ன ஒரு பெரிய மனுஷனைக் கூட்டியாந்து ஒரு பந்து போடச் சொல்றாங்க. போட்டுட்டு அவரு கௌரவமா போய் உக்காந்துக்கிறாரு. நம்ம ஊர்ல குத்துவிளக்கு ஏத்துற சிறப்பு விருந்தினர் மாதிரி. பத்து வருஷத்துக்கும் சாரே போடட்டும். ஆட்டத்துக்கு ஒண்ணு!"

விஷயத்தைச் சாரிடம் கொண்டுபோனபோது அவர் ரொம்ப யோசிக்கிற மாதிரி நெற்றியைத் தடவினார். "உங்களுக்கு வருத்தம் இல்லையே?" என்றார்.

"கொஞ்சம் வருத்தம்தான் சார்" என்றான் நெய்னா. சொல்லும்போது முகத்தை அப்படி வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

மார்ச் மாசம் முதல் ஆட்டம். மகாதேவன் சார் தலைக்குச் சாயம் பூசி, புது ஜெர்ஸிமேல் பொன்னாடை போர்த்தி, பந்து வீசுகிற நடு மேட்டில் ஏறினார். எதிரணிக்காரர்கள் இது ஏதோ மதச்சடங்கு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். சார் கையைச் சுழற்றினார். ஸ்ரீநிவாஸ் வழக்கம்போல முழங்காலைப் பொத்திக்கொண்டான்.

பந்து தரையைத் தொடவேயில்லை. நூல் பிடித்த மாதிரி நேரே வந்து அவன் கையுறைக்குள் 'டப்' என்று விழுந்தது.

மூன்று வருஷத்தில் வராத பந்து, மட்டையோடு யாரும் நிற்காதபோது வந்துவிட்டது. சார் தன் கையைத் தானே பார்த்தார். மெல்ல, இன்னொரு பந்துக்குக் கையை நீட்டினார்.

அடுத்த பந்து நெய்னாவிடம்தான் இருந்தது. கொடுத்தால் சீசன் போயிற்று. கொடுக்காவிட்டால்... அவன் வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, "சார், போதும் சார்" என்றான்.

அதே நேரம் பின்னால் 'படக்' என்று ஸ்வர்ணா மடக்கு நாற்காலியை விரித்தாள். கையில் தைலப் புட்டி.

சார் தோளைத் தடவிக்கொண்டார். நெய்னாவைப் பார்த்தார். "அப்பாடா, ஒரு வழியா சொல்லிட்டியா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு நடந்தார்.

அல்தாப் பந்து போட்டான். வெயில் ஏறி இறங்குகிற வரை இழுபறி, கடைசியில் ஒரே ஒரு ரன்னில் சுகர் லேண்ட் ஜெயித்தது. நெய்னா தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினான்.

திரும்பிப் பார்த்தால் நாற்காலியைச் சுற்றி எதிரணிக்காரர்கள். நடுவில் சார், பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். தன்னுடைய அந்த முதல் பந்திலேயே அவர்கள் மனம் உடைந்துவிட்டதாம், மிச்சத்தை அல்தாப் சும்மா முடித்துக்கொடுத்தானாம்.

"மச்சான், அல்தாபுக்கும் ஒரு பொன்னாடை போத்தணும்ல?" என்றாள் ஹபீஸா.

"வாயை மூடு புள்ள" என்றான் நெய்னா. "போத்துனா அவனும் ஒரே ஒரு பந்து போட்டுட்டு உக்காந்துருவான்."